யாரும் விலகாத கடை

ஐராவதம் மெகா ஸ்டோரின் வாசலில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கும். 'பதினோரு ஆண்டுகள். நாற்பத்திரண்டு மகள்கள். இன்றுவரை ஒருவர்கூட விலகவில்லை.' கீழே முதலாளி கோவிந்தசாமி கைகூப்பிச் சிரிக்கும் படம். கட்டின புருஷனும் பெண்டாட்டியுமே பதினோரு வருஷம் ஒரு கூரைக்குள் இருப்பது பெரும்பாடாகிவிட்ட காலத்தில், பலகையைப் பார்த்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

சாதனையின் ரகசியம் மிக எளியது. வேலைக்கு வராமல் நின்றுவிடுகிறவளின் பேட்ஜை அடுத்து வருகிறவளின் தோளில் குத்திவிடுவார்கள். ஆள்தான் போனாள், பேட்ஜ் போகவில்லையே.

பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்து அஞ்சலாட்சி வேலைக்குச் சேர்ந்த அன்று, மூன்றாம் மாடி மேலாளர் ரிச்சர்ட் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி, ஒரு பேட்ஜை எடுத்து நீட்டினான். அதில் 'லினெட்' என்று இருந்தது.

"என் பேரு அஞ்சலாட்சிங்கண்ணா."

"அது வீட்ல. இங்க லினெட்."

"லினெட்னா யாருண்ணா?"

"நீதான்." அவள் முகத்தைப் பார்த்து ரிச்சர்டுக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். டப்பாவை மறுபடி துழாவினான். "ஜூலி ஒண்ணு இருக்கு. பின்னு ஒடஞ்சிருக்கும். வேணுமா?"

அஞ்சலாட்சி லினெட்டையே குத்திக்கொண்டாள். அப்புறம் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டார்கள். பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. அவள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவள் அப்பன். பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வீட்டில் தண்ணீர் புகாத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. படகில் திசை காட்டும் கருவியைப் போட்டு வைக்கிற பை. பட்டம் வந்த அன்று அவள் அப்பன் கருவியை வெளியே எடுத்து ஒரு பழைய துணியில் சுற்றிக்கொண்டு, பையைச் சர்டிபிகேட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பையிலிருந்து உருவித்தான் கோவிந்தசாமியிடம் கொடுத்தாள்.

"அப்பாகிட்ட இருக்கட்டும்மா. பத்திரமா இருக்கும்" என்றார் அவர். ஐந்தாம் மாடியில், அவர் நாற்காலிக்குப் பின்னால், அதற்கென்று ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ போடுவார்கள். அந்தக் கடையில் முதலாளி என்று யாரும் சொல்லக் கூடாது. கோவிந்தசாமி அப்பா. மேலாளர் அண்ணன். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அப்பா" என்று சொல்ல வேண்டும்.

காலை ஒன்பதேகாலுக்கு டிராலிகள் பக்கத்தில் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள். 'நாங்கள் ஒரு குடும்பம். வாடிக்கையாளர் தெய்வம். அப்பா தெய்வத்துக்கு முகவரி கொடுத்தவர். கால் வலி என்பது மனத்தின் வலி. மனத்தை நாங்கள் வீட்டில் விட்டு வந்திருக்கிறோம்.' அதன் பிறகு மகள்கள் படிக்கட்டில் ஏறி அவரவர் மாடிக்குப் போவார்கள். லிஃப்ட் தெய்வங்களுக்கு.

அஞ்சலாட்சியை சோபா பிரிவில் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் நிறுத்தினார்கள்தான். காலையிலிருந்து கடை சாத்தும்வரை அவளைச் சுற்றி முப்பத்தாறு சோபாக்கள். முதல் நாள் மத்தியானம் ஒன்றின் கைப்பிடியில் கொஞ்சம் சாய்ந்தாள்.

"லினெட்டு," என்றான் ரிச்சர்ட், எங்கிருந்தோ. "அது உக்கார்ற பொருளு. உக்கார்றவன் வாங்கறவன். நீ விக்கிறவ. விக்கிறவளே உக்காந்துட்டா வாங்கறவன் எங்கம்மா உக்காருவான்?"

"முப்பத்தாறு கெடக்குண்ணா."

"முப்பத்தாறு பேர் ஒரே நேரத்துல வந்தா?"

அஞ்சலாட்சி அங்கே நின்ற பதினாலு மாதத்தில் முப்பத்தாறு பேர் ஒரே நேரத்தில் வரவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு தரம் குதித்து, தவறாமல் ஒரு கேள்வி கேட்டார்கள். "மெத்துனு இருக்குமாம்மா? நீ உக்காந்து பாத்திருக்கியா?"

அதற்குக் கடையின் விதிப் புத்தகத்தில் ஒன்பதாம் விதி பதில் எழுதி வைத்திருந்தது. 'அது வாடிக்கையாளர் அனுபவம் சார்.' கைகூப்பிச் சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அஞ்சலாட்சிதான். கையில் கிடைப்பதையெல்லாம் படித்துவிடுவது, வீட்டில் வேறு யாரும் படிக்காத பெண்களுக்கு வருகிற வியாதி.

பிறகு யானை. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மர யானை உண்டு, முழங்கை நீளத்துக்கு. கழிப்பறைக்குப் போகிறவள் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து மேலாளர் மேசையில் வைக்க வேண்டும். யானை மேசையில் இல்லாவிட்டால் அடுத்தவள் காத்திருக்க வேண்டும். "போயிட்டு வர்றேன்னு சொன்னா யாருக்கும் தெரியாது. யானை போனா எல்லாருக்கும் தெரியும்" என்பது ரிச்சர்டின் விளக்கம். ஒரு தடவை அஞ்சலாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு யானையோடு விரைந்தபோது, வில்லியனூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் குறுக்கே நின்று யானை என்ன விலை என்று கேட்டாள். வாடிக்கையாளர் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் விதி. அந்த அம்மாள் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தந்தம் சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். ஆறு நிமிஷம் ஆயிற்று.

இதையெல்லாம் அஞ்சலாட்சி ஒரு காரணத்துக்காகத்தான் பொறுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். அரசாங்க அலுவலக உதவியாளர் தேர்வு எழுதினாள். தேறியும்விட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்கு அந்த வேலை போய்விடும் என்று கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

திங்கட்கிழமை ரிச்சர்டிடம் போனாள். அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"பேரு சொல்லு."

"அஞ்சலாட்சி."

தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். "அப்பிடி யாரும் நம்ம கடையில வேல செய்யல."

"எதுர்லதாண்ணா நிக்கிறேன்."

"நிக்கிறது லினெட்டு. லினெட்டோட ஒரிஜினல் வேணும்னா சொல்லு. பிளஸ் டூ மார்க் ஷீட் ஒண்ணு பீரோவுல இருக்கறதா காட்டுது."

அஞ்சலாட்சி மூச்சை இழுத்துவிட்டாள். "அப்ப நான் வேலைய உட்டுடறேன்."

"முடியாது. ஃபார்ம் இல்ல."

"வெள்ளத்தாள்ல எழுதித் தர்றேன்."

"அத எந்த ஃபைல்ல வெப்பேன்? பதினோரு வருஷமா யாரும் விலகலியேம்மா. விலகறவங்க ஃபைல்னு ஒண்ணு தொறந்தா அது குடும்பத்துக்கு நல்லதா?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்கள்லாம் எங்கண்ணா?"

"அவங்க லீவுல இருக்காங்க" என்றான் ரிச்சர்ட். அவன் முகத்தில் சிரிப்பில்லை. அவன் அதை உண்மையாகவே நம்பினான்.

ஐந்தாம் மாடிக்குப் போனாள். கோவிந்தசாமி நாற்காலியில் சாய்ந்து, கடைக்கு வந்திருந்த பாதாமை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்பட மாட்டார். அப்பா அல்லவா.

"ஏம்மா, பெத்த பொண்ணு ஓடிடுமோனு நகையப் பூட்டி வெக்கிற அப்பன யாராவது திருடன்னு சொல்லுவாங்களா? நான் நகையக்கூட வெக்கல. காய்தம்தான் வெச்சிருக்கேன். ஒங்கிட்ட இருந்தா செல்லரிக்கும். எங்கிட்ட பூவும் பத்தியுமா இருக்கு." ஒரு பாதாமை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தார். "படிச்ச பொண்ணாப் பாத்துத்தான் நான் எடுக்கறது. ஏன் தெரியுமா? படிக்காததுகிட்ட வாங்கிப் பூட்ட என்னா இருக்கு? நெனச்ச அன்னிக்கிக் கெளம்பிடும். படிச்சது அப்பிடி இல்ல, நன்றியா நிக்கும்."

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு..."

"அரசாங்க வேலன்னா நாளெல்லாம் உக்காந்து கெடக்கணும். சர்க்கர வரும், பிரஷர் வரும். நம்ம கடையில ஒரு பொண்ணுக்காவது சர்க்கர இருக்கா கேட்டுப் பாரு. ஏன்? நிக்கிறீங்க. ஒங்க ஒடம்புக்காகத்தாம்மா நான் நாக்காலி போடல." குரலைத் தாழ்த்தினார். "யாரும் விலகாத கடைன்னு புதன்கிழம நமக்கு விருது விழா. அதுல ஒரு கொறையும் வரக் கூடாது. நீ லினெட்டா நின்னு சிரி. மத்தத பொங்கல் கழிச்சிப் பேசிக்கலாம்."

அப்போது ஐப்பசி.

அஞ்சலாட்சி மூன்றாம் மாடிக்கு இறங்கி, யானையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், அதைச் சுவரில் ஓங்கி அடித்தாள். யானைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல மரம்.

"அது என்னாடி பண்ணுச்சி ஒன்ன?" என்று கேட்டது மணியம்மாள். கழிப்பறை கழுவுகிறவள். கடை திறந்த நாளிலிருந்து பதினோரு வருஷமும் அங்கேயே இருக்கிற ஒரே ஆள் அவள்தான். ஆனால் அவளைக் காண்டிராக்டர் கணக்கில் வைத்திருந்ததால் பேட்ஜ் கிடையாது; எனவே மகள்களில் சேர்த்தி இல்லை.

அஞ்சலாட்சி கொட்டித் தீர்த்தாள். மணியம்மாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவள் தோளிலிருந்த பேட்ஜைப் பார்த்தாள்.

"லினெட்டா? அது எங்க லீவுல இருக்குது? சாரம் பஸ் ஸ்டாப்பிங்ல ஜெராக்ஸ் கடையில நின்னுகினு இருக்குது. இங்க நின்ன பொண்ணுவ அத்தினி பேர் நம்பரும் எங்கிட்ட இருக்குது. ஒவ்வொண்ணும் இங்கதானே வந்து அழுதுட்டுப் போச்சி."

செவ்வாய்க்கிழமை காலை, ஷிஃப்டுக்கு முன்னால், அஞ்சலாட்சி சாரத்தில் இறங்கினாள். ஜெராக்ஸ் கடையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை நேரே அஞ்சலாட்சியின் தோளுக்குப் போயிற்று.

"மொதல்ல எம் பேரக் கழட்டுடி" என்றாள்.

அஞ்சலாட்சி கழற்றினாள். பேசினார்கள். லினெட் அந்தக் கடையில் நாலு வருஷம் நின்றிருக்கிறாள். நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்தது. பிளஸ் டூ ஒரிஜினலைக் கேட்டாள். தீபாவளி கழித்து என்றார்கள். தீபாவளிக்குள் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. அதற்கு மேல் கடைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று.

"காலையிலேர்ந்து அடுத்தவங்க ஒரிஜினலக் கண்ணாடி மேல கவுத்துக் கவுத்து எடுக்கறேன்" என்றாள். "என்னுத மட்டும் இன்னும் ஒரு காப்பி எடுக்கல."

"அக்கா, நீங்க லீவுல இருக்கறதா சொல்றாங்க."

லினெட் இயந்திரத்தை அணைத்தாள். "அப்பிடியா. லீவுல எத்தினி பேர் இருக்கோம்?"

"மணியம்மாக்கா போன்ல இருக்கறது இருவத்தஞ்சி பேரு."

"எல்லாத்துக்கும் போன் போடு. லீவு முடிஞ்சிபோச்சினு சொல்லு."

புதன்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாம் மாடியில் விழா. சோபாக்களையே நாற்காலிகளாக வரிசை போட்டிருந்தார்கள். விருது தருகிற வணிகர் மாண்பு மன்றத்தின் தலைவர் அருள்பிரகாஷ் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக வந்தார். எழுபது வயது. அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் நகரசபையில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். பேரைக் கூப்பிட்டு, ஆளைக் கண்ணால் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத குணம் அவர் வழியாக வந்து மகனிடம் தங்கியிருந்தது. இது கோவிந்தசாமிக்கும் தெரியும். அதனால்தான் நாற்பத்திரண்டு பேட்ஜுக்கும் நாற்பத்திரண்டு ஆளைச் சரியாக நிறுத்தியிருந்தார்.

பத்து மணியிலிருந்தே வாடிக்கையாளர்கள் வந்து சோபாக்களில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எல்லோரும் பெண்கள். ஒருத்தி மடியில் குழந்தை, ஒருத்தி கையில் மீன் கூடை. மொத்தம் இருபத்துமூன்று பேர். ரிச்சர்டே ஓடி ஓடி அவர்களுக்குக் குளிர்பானம் கொடுத்தான். அவர்கள் எழுந்திருக்காததைப் பார்த்து வியாபாரம் நடக்கப்போகிறது என்று நினைத்தான்.

கோவிந்தசாமி பேசினார். "எல்லாக் கடையிலும் பொண்ணுங்க ஆறு மாசத்துல போயிடுதுங்க. என் கடையில் ஏன் போகல? பாசம். போவ முடியாத பாசம். போவணும்னு நெனச்சாலும் போவ முடியாது. அப்பிடி ஒரு பாசத்த நான் பீரோவுல பூட்டி வெச்சிருக்கேன்." கைதட்டினார்கள். மகள்கள் அதிகமாகத் தட்டினார்கள்; ஆறாம் விதி.

அருள்பிரகாஷ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைத் திறந்தார். "ஜூலி."

"உள்ளேன் அப்பா" என்றாள் மேடையோரம் நின்ற கலைவாணி, உடைந்த பின்னைக் கையால் பிடித்துக்கொண்டு.

"உள்ளேன் அப்பா" என்றாள் நீல சோபாவில் குழந்தையோடு இருந்தவள்.

அருள்பிரகாஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "ரெண்டு பேரா?"

"அது... வாடிக்கையாளர், ஐயா. பாசத்துல சொல்றாங்க" என்றார் கோவிந்தசாமி.

"ஆதார் இருக்குதுங்க" என்றாள் குழந்தைக்காரி.

"லினெட்" என்று படித்தார் அருள்பிரகாஷ். மேடையோரத்தில் அஞ்சலாட்சி வாயைத் திறக்கவில்லை. சோபாவிலிருந்து லினெட் எழுந்தாள். "உள்ளேன் அப்பா. ஏழு வருஷமா லீவுல இருந்தேன்."

பேனா அந்தரத்தில் நின்றது. "கோவிந்தசாமி, இவங்க கடையில இருக்காங்களா, விலகிட்டாங்களா? ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் போட்டிருக்கு. எதுல எழுதறது?"

போட்டோக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். விலகிவிட்டாள் என்றால் விருது போயிற்று. கோவிந்தசாமியின் சிரிப்பு அப்படியே இருந்தது, நெற்றி மட்டும் நனைந்தது. "லீவுலதான் இருக்காங்க."

"ஏழு வருஷம் லீவு." அருள்பிரகாஷ் கோவிந்தசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு வரும். "த்ரே பியேன், ரொம்ப நல்லது. எந்த முதலாளி குடுப்பான்?"

அஞ்சலாட்சி மைக்கை எடுத்தாள். மேடை நடுவுக்கு வந்தாள்.

"ஐயா, அப்பா கூச்சப்படுறாரு, நானே சொல்லிடறேன். எங்க எல்லாருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டயும் அவரு பூ போட்டுப் பத்திரமா வெச்சிருக்காரு. இன்னிக்கி விருது வாங்கற சந்தோஷத்துல, ஒங்க முன்னாடி அதயெல்லாம் மேடையிலயே திருப்பிக் குடுக்கப்போறாரு. பீரோ சாவி அவரு இடுப்புலதான் இருக்குது."

அருள்பிரகாஷ் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டினால் மன்றம் தட்டும். மன்றம் தட்டினால் போட்டோ எடுப்பார்கள். கோவிந்தசாமி ஐந்தாம் மாடியைப் பார்த்தார், சாவியைத் தொட்டார், போட்டோக்காரர்களைப் பார்த்தார். பீரோவிலிருந்த ஃபைல்கள் டிராலியில் வந்தன. மேலே காய்ந்த சாமந்தி.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம், கோவிந்தசாமி அவரவர் பொருளை அவரவருக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். லினெட் தன் மார்க் ஷீட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "பத்தி வாசன அடிக்குது" என்று அவரிடமே சொன்னாள்.

"அஞ்சலாட்சி, பி.எஸ்சி." என்று படித்தார் அருள்பிரகாஷ். "இது 'லினெட், நாலு'ங்கற ஃபைல்ல இருக்கு. இந்தப் பேரு பட்டியல்ல இல்லியே?"

"நாந்தாங்க."

"அப்ப இத்தினி நாளா லினெட்டா நின்னது?"

"நாந்தாங்க. அவங்க லீவு முடிஞ்சி வந்துட்டாங்க, நான் கெளம்பறேன்."

காகிதத்தை வாங்கி, படகுப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு பேட்ஜைக் கழற்றினாள். விருதுத் தட்டில் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் அதை வைக்கத்தான் போனாள். ஒன்பதாம் விதி நினைவுக்கு வந்தது. பேட்ஜைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கலைவாணி வந்து தட்டில் ஜூலியை வைத்தாள். அப்புறம் ஒருத்தி. எல்லோரும் வரவில்லை, எல்லோருக்கும் போக ஒரு வெள்ளிக்கிழமை இல்லை. பதினேழு பேர் வைத்தார்கள்.

அருள்பிரகாஷ் எண்ணினார். அந்தப் பொண்ணையும் சேர்த்துப் பதினெட்டு என்று, விலகியவர்களுக்கான இரண்டாவது கட்டத்தில் எழுதினார். விருதுக் கேடயத்தைத் துணியில் சுற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். "பலகையில் ஒரு திருத்தம் போட்டுக்கங்க கோவிந்தசாமி. இன்று பன்னிரண்டரை வரை யாரும் விலகவில்லைன்னு. அது பொய்யில்ல" என்றார். அவர் மனம் உண்மையாகவே கஷ்டப்பட்டது.

கோவிந்தசாமிக்கு வயிற்றைக் கலக்கியது. அவருடைய கழிப்பறை ஐந்தாம் மாடியில். லிஃப்டுக்குள் இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். மூன்றாம் மாடிக் கழிப்பறைக்கு விரைந்தார். வாசலில் மணியம்மாள் துடைப்பத்தைக் குறுக்கே வைத்திருந்தாள்.

"யானை எங்கங்க ஐயா?"

"ஏய், நவுரு."

"யானை இல்லாம உள்ள உட்டா எங் காண்டிராக்டர் என்ன நிறுத்திடுவாருங்க."

வாதம் பண்ண நேரமில்லை. மன்றத்தார் ஒதுங்கி வழிவிட, ஐராவதம் மெகா ஸ்டோரின் முதலாளி மேலாளர் மேசைக்குத் திரும்பி நடந்து, மர யானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு அம்மாள் அவரை நிறுத்தி, அது என்ன விலை என்று கேட்டாள்.

அஞ்சலாட்சி ரிச்சர்டைத் தேடிப் போனாள். அவன் காலி சோபாக்களின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"பிரிவுல ஆள் இல்லாம இருக்கக் கூடாதுண்ணா. நாலாம் விதி" என்று பேட்ஜை நீட்டினாள். அவன் அதை வாங்காமல் பார்த்தான். தூரத்தில் அருள்பிரகாஷ் இன்னும் கிளம்பவில்லை, போட்டோக்காரர்களும் கிளம்பவில்லை. ரிச்சர்ட் 'லினெட்'டைத் தன் சட்டையில் குத்திக்கொண்டான். பின் குத்தி ஸ் என்றான்.

அஞ்சலாட்சி போய், பதினாலு மாதம் தினமும் தூசு தட்டிய அந்தப் பழுப்பு மூன்றிருக்கை சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். முதுகைச் சாய்த்தாள். காலை நீட்டினாள். இரண்டு தரம் குதித்தாள்.

"மெத்துனு இருக்குமா?" என்று கேட்டாள். "நீ உக்காந்து பாத்திருக்கியாப்பா?"

ரிச்சர்டின் கைகள் தாமாகக் கூடின. "அது வாடிக்கையாளர் அனுபவம்... மேடம்."

"பாத்துட்டேன். நடுவுல கம்பி குத்துது" என்று எழுந்தாள். "எனக்கு வேணாம்."

லிஃப்ட் வரைக்கும் அவன் அவளோடு நடந்து வந்து, பொத்தானை அழுத்தி, கதவு மூடும்வரை கைகூப்பி நின்றான். பன்னிரண்டாம் விதி.